தடுமாறுவது காதா, கண்ணா? ஆங்கிலக் கேட்டல், வாசிப்புத் தேர்வுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி ஆங்கிலக் கேட்டல் தாளில் 30க்கு 13 புள்ளி எடுத்திருக்கிறாள். அவளுக்கு எது வரவில்லை? 13 என்ற எண்ணைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொற்களே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த சொற்கள்தான், ஆனால் வேகமாக ஒலித்தபோது அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். எல்லாம் புரிந்தும் விடைத்தேர்வில் வைத்த பொறியில் விழுந்திருக்கலாம். எட்டாவது கேள்வியில் தவறவிட்டு, ஒலிப்பதிவு பதினோராவது கேள்விக்குப் போன பிறகும் எட்டையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு வேறு. புள்ளியை மட்டும் பார்த்து எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கும்போதுதான் டியூஷன் கட்டணமும் பிள்ளையின் சனிக்கிழமையும் வீணாகின்றன.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இது இன்னும் முக்கியம். சுற்றிலும் செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும் உள்ள தோட்டப்புறங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, மலாய் வழி நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பெரும்பாலும் வகுப்பறையில் ஒரு பாடம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022இலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே தாளை எழுதும் அனுபவம் இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் மாணவர்களுக்கு, அந்தப் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில்தான் முதல்முறை வாய்க்கிறது. அதற்கு முன் பள்ளியும் டியூஷனும் வீடும் வைக்கும் சிறு தேர்வுகள்தான் அவர்களின் நிலையைக் காட்டியாக வேண்டும். அந்தச் சிறு தேர்வை எப்படி அமைப்பது, வந்த விடைகளை எப்படிப் படிப்பது என்பதே இந்தக் கட்டுரை.

எஸ்பிஎம் தாள்கள் எப்படி இருக்கின்றன

2021ஆம் ஆண்டு எஸ்பிஎம் முதல் ஆங்கிலத்துக்கு நான்கு தாள்கள்: வாசிப்பும் மொழிப் பயன்பாடும், எழுத்து, பேச்சு, கேட்டல். நான்குக்கும் 25 விழுக்காடு என்ற சம எடை. அதாவது வாசிப்பும் கேட்டலும் சேர்ந்தால் சரிபாதி. கட்டுரை எழுதிப் பழகினால் போதும் என்று இன்னும் நினைக்கிற பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசிப்புத் தாளில் 40 கேள்விகள், நேரம் ஒன்றரை மணி. முதல் பகுதியில் அறிவிப்பு, குறுஞ்செய்தி போன்ற சிறு பனுவல்களுக்கு எட்டுக் கேள்வி. இரண்டாம் பகுதியில் ஒரு பத்தியில் பத்துக் காலியிடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் நீண்ட பனுவல் ஒன்று, எட்டுக் கேள்வி. நான்காம் பகுதியில் ஒரு கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்துவிட்டு எட்டு வாக்கியங்களைத் தருவார்கள். எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். ஐந்தாம் பகுதியில் எட்டுக் கேள்வி. பாதி பொருத்துவது, பாதி பனுவலிலிருந்து சொல்லை எடுத்து நிரப்புவது.

கேட்டல் தாளில் 30 கேள்விகள், 40 நிமிடம். ஏழு சிறு ஒலித்துண்டுகளுக்கு ஏழு கேள்வி. ஒரு நீண்ட ஒலிப்பதிவுக்கு எட்டு. ஐந்து பேர் தனித்தனியாகப் பேசுவதைக் கேட்டு யார் எதைச் சொன்னார் என்று பொருத்துவது ஐந்து. கடைசியில் குறிப்பு நிரப்புவது பத்து. ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும்.

இந்தத் தாள்களுக்கு அடியில் இருப்பது சி.இ.எஃப்.ஆர். எனும் மொழித்திறன் அளவுகோல். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். மலேசியாவின் 2015 – 2025 ஆங்கிலக் கல்விச் சீரமைப்புத் திட்டம், இடைநிலைப்பள்ளியை முடிக்கும் மாணவர் பி1 அல்லது பி2 படியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பி1 என்றால், பழகிய விஷயத்தைத் தெளிவாகப் பேசினால் முக்கியக் கருத்தைப் பிடித்துக்கொள்வார். பி2 என்றால், பேசுகிறவரின் நிலைப்பாட்டையும் வாதம் போகும் திசையையும் தொடர்வார். ஆறாம் படிவத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்களுக்கு அடுத்து மூவெட் எனும் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. அதில் கேட்டல் 50 நிமிடம் 30 கேள்வி, வாசிப்பு 75 நிமிடம் 40 கேள்வி. பயிற்சி முறை ஒன்றுதான், பனுவல்தான் கடினமாகும்.

ஒரு கேள்வி எதைச் சோதிக்கிறது

தமிழ்ப்பள்ளியிலேயே கருத்துணர் கேள்விகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கேள்விகள் மூன்று வகை. பேச்சின் சாரத்தைக் கேட்பவை, ஒரு விவரத்தைக் கேட்பவை, சொல்லாமல் சொன்னதை ஊகிக்கச் சொல்பவை. இந்த மூன்றும் கலந்து வராத தேர்வு பாதித் தேர்வுதான். எத்தனை மணிக்கு, எவ்வளவு விலை என்றே முப்பது கேள்வி கேட்டால், எண்களைக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலம் கேட்கத் தெரிந்த பிள்ளையாகத் தோன்றும்.

ஓர் உதாரணம். கீழே உள்ள உரையாடலை ஆங்கிலத்தில் எழுதிப் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். இங்கே பொருளை மட்டும் தமிழில் தருகிறோம். ஒரு மாணவி தோழியிடம் சொல்கிறாள்: "ஈப்போவுக்கு எட்டு மணி பஸ்ஸில் போகலாம் என்றுதான் இருந்தேன். இப்போதெல்லாம் அது கோலகங்சாரிலேயே நிறைந்துவிடுகிறதாம். அண்ணன் மோட்டாரில் கூட்டிப்போகிறேன் என்றான், ஆனால் மழைக்காலத்தில் அம்மா விடமாட்டார். கடைசியில் அப்பா என்னை ஸ்டேஷனில் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார், ஒன்பதரைக்கு ரயில்." கேள்வி: அவள் எதில் ஈப்போ போகிறாள்? விடைகள்: பஸ், மோட்டார், ரயில்.

மூன்று விடைகளும் பேச்சில் வருகின்றன. இதுதான் நல்ல கேள்வியின் முதல் அடையாளம். காதில் விழுந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை எழுத முடியாது. பஸ் என்று எழுதியவர் முதலில் கேட்டதோடு நின்றுவிட்டார். மோட்டார் என்று எழுதியவருக்கு 'ஆனால்' என்ற திருப்பம் நழுவியிருக்கிறது. தவறான விடையே எங்கே தடுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடுகிறது. கேள்வி எழுதும்போது ஒவ்வொரு தவறான விடைக்கும் 'எப்படிப்பட்ட பிழை செய்கிறவர் இதைத் தேர்ந்தெடுப்பார்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத விடை, விமானம் என்பது போல, இடத்தை அடைக்க மட்டும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது அடையாளம்: பனுவலைப் பார்க்காமல் விடை சொல்ல முடியக்கூடாது. மழைக்குப் பேர்போன தைப்பிங் பற்றி ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு, அங்கே போகிறவர்கள் ஏன் குடை கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், பேராக் மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பத்தியே தேவையில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒலிப்பதிவையோ பத்தியையோ கொடுக்காமல், கேள்வித்தாளை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மூன்று விடை கொண்ட ஒன்பது கேள்வியில் குத்துமதிப்பாக மூன்று சரியாக வரும். ஆறு, ஏழு வந்தால் கேள்விகள் ஒழுகுகின்றன. பெரும்பாலும் சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும், அல்லது அதுதான் நியாயமாகத் தோன்றும்.

குத்துமதிப்பு என்பதைக் கேட்டல் தாளில் மறந்துவிடக் கூடாது. முதல் இரண்டு பகுதியிலும் மூன்று விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மொத்தம் பதினைந்து. ஒன்றுமே கேட்காமல் வட்டமிட்டாலும் சராசரியாக ஐந்து கிடைத்துவிடும். ஆகவே நம் மாணவியின் 13இல், முதல் இரு பகுதியில் ஒன்பதும் நிரப்பும் பகுதியில் ஒன்றும் என்றால் நிலைமை கவலைக்குரியது. முதல் இரு பகுதியில் ஆறு, நிரப்புவதில் ஐந்து என்றால், அவள் காது நினைத்ததைவிட நல்ல காது. ஒரே 13தான். பகுதி வாரியாகப் புள்ளியை எழுதி வைக்காதவருக்கு இது தெரியவே வராது.

கேட்டல் தேர்வு வைக்கும்போது

ஆசிரியர் நின்று வாசித்துக் காட்டுவது கேட்டல் தேர்வு ஆகாது. பின்தங்கிய பிள்ளையைப் பார்த்ததும் நம் வேகம் தானாகக் குறைந்துவிடும். விடை வரும் இடத்தில் குரல் உயரும். வாயசைவும் தெரியும். எஸ்பிஎம் அறையில் இவை எதுவும் இருக்காது. பதிவு செய்துதான் வைக்க வேண்டும்.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை நல்ல இடம். டைல்ஸ் போட்ட வெறுங்கூடம் எதிரொலிக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று மைக்கில் மோதாது. விசிறியை நிறுத்துங்கள். உரையாடல் என்றால் இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும். ஒரே மாதிரிக் குரல்களாக இருந்தால் யார் பேசுகிறார் என்ற குழப்பம் மொழிக் குழப்பமாகக் கணக்கில் ஏறிவிடும். நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்பது படிவம் நான்கு, ஐந்துக்குச் சரியான வேகம். அதைவிட மெதுவாகப் பேசினால் சொற்கள் தனித்தனியாக உடைந்து நிற்கும். உண்மையான ஆங்கிலம் அப்படி ஒலிப்பதில்லை, பிள்ளைகள் தடுமாறுவதும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில்தான்.

பதிவிலேயே இடைவெளிகளையும் சேர்த்துவிடுங்கள். சிறு துண்டுகளுக்கு முன் கேள்வியை வாசிக்கப் பத்து வினாடி, நீண்ட பதிவுக்கு முன் நாற்பது வினாடியாவது. முதல் ஒலிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஐந்து வினாடி. கையால் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நேரம் கிடைக்கும், அப்புறம் புள்ளிகளை ஒப்பிட முடியாது.

இனி, ஊருக்கே உரிய சிக்கல்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு வைத்து, மழை தகரக் கூரையில் இறங்கினால் அன்றைய தேர்வு முடிந்தது. காலையில் வையுங்கள். கோவில் மண்டபத்தில் நடத்துவதாக இருந்தால் பூசை நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் சாலைப்பக்கச் சன்னலைச் சாத்திவிட்டு மறுபக்கத்தைத் திறந்து வைக்கலாம். ஸ்பீக்கரைத் தரையிலோ மூலையிலோ வைக்காமல், மேசைமேல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்துக்கு வையுங்கள். இருபது, இருபத்தைந்து பேருக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். தொடங்குமுன் கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, தேர்வில் இல்லாத ஒரு பதிவின் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட மறந்தால் நடுவில் வாட்சாப் மணி அடிக்கும், அந்த ஒரு கேள்வியை எல்லாருக்குமே நீக்க வேண்டிவரும்.

நம் பிள்ளைகளுக்கு எங்கே இடறும்

சில இடறல்கள் திரும்பத் திரும்ப வரும். தெரிந்துகொண்டால் தேர்விலும் அவற்றைச் சேர்க்கலாம், திருத்தவும் வழி பிறக்கும்.

எண்களில் தேர்ட்டீன், தேர்ட்டி, ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. நாம் கடைசி 'ன்' ஒலியைத் தேடுகிறோம். வேகமான பேச்சில் அது மங்கிவிடும். உண்மையான அடையாளம் அழுத்தம்: தேர்ட்டி என்பதில் முதல் அசையில் அழுத்தம், இரண்டாவது அசை குறுகிவிடும், தேர்ட்டீன் என்பதில் இரண்டாவது அசை நீளும். இதேபோல கேன், கான்ட். பிள்ளைகள் கடைசி 'ட்' ஒலிக்காகக் காத்திருப்பார்கள்; அடுத்த சொல்லோடு சேரும்போது அது காணாமல் போகும். பிரிட்டிஷ் ஒலிப்பில் கவனிக்க வேண்டியது உயிரொலியை. உடன்பாட்டில் அது சுருங்கி ஏறக்குறைய 'க்கன்' என்று ஓடிவிடும், எதிர்மறையில் 'கான்' என்று நீண்டு அழுத்தமாக நிற்கும். பொருளே தலைகீழாகிறது என்பதால் இதற்கென்று தனியாகப் பத்து வாக்கியம் பதிவு செய்து பயிற்சி கொடுப்பது தகும்.

ஆங்கிலத்தின் p, b வேறுபாடும் k, g வேறுபாடும் தமிழ் எழுத்தில் இல்லாததால், ஒரு வல்லொலி தொண்டை அதிர்வோடு வந்ததா இல்லையா என்பதைச் சில பிள்ளைகள் கவனிக்காமல் விடுகிறார்கள். தமிழில் பேக் என்று ஒன்றுபோல எழுதும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் (bag, back), ஒன்று பையைக் குறிப்பது, இன்னொன்று முதுகை. பேச்சின் பொருளை வைத்துப் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். ஆனால் பெயர்ச்சொல் ஒன்றை எழுத்துக்கூட்டி நிரப்பும்போது மாட்டிக்கொள்வார்கள். அதே நிரப்பும் பகுதியில் தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது சுழியத்தை 'ஓ' என்பதும், ஒரே இலக்கம் இருமுறை வந்தால் 'டபுள்' என்பதும் பழகாதவர்களைக் குழப்பும். பழகிவிட்டால் இவை எல்லாம் இலவசப் புள்ளிகள்.

இன்னொரு பெரிய காரணம் பழக்கம். நாம் அன்றாடம் கேட்கும் மலேசிய ஆங்கிலத்தில் ஒவ்வோர் அசையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுக்கும். பிரிட்டிஷ் ஒலிப்பில் அழுத்தமான சொற்கள் துருத்தி நிற்கும், இடையில் உள்ள சிறு சொற்கள் நசுங்கிப்போகும். பள்ளியில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிள்ளைகூட இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை.

வாசிப்பு: நேரமும் சொல்லும்

வாசிப்புத் தாளில் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் கவிழ்ப்பது நேரம். 90 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பழகலாம்: முதல் இரண்டு பகுதிக்கும் தலா பத்து நிமிடம், அடுத்த மூன்றுக்கும் தலா இருபது, மீதிப் பத்து நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. பலர் முதல் பகுதியில் ஒரு சின்ன அறிவிப்பை நான்கு முறை வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் பகுதியில் ஓட்டமெடுக்கிறார்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஓரத்தில் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பகுதிக் கேள்விகள் தவறினால், அது புரியாததால் வந்த தவறா, நேரம் போதாததால் வந்த தவறா என்பது அந்தக் குறிப்பில் இருக்கும்.

பனுவலைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு உதவும். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதில் உள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 95 விழுக்காடு தெரிந்தால் தட்டுத்தடுமாறிப் போகலாம் என்பது வாசிப்பு ஆய்வாளர் பலரும் ஏற்கும் அளவு. 300 சொல் பனுவல் என்றால் தெரியாத சொல் ஆறு இருந்தால் சௌகரியம், பதினைந்து வரை சிரமம், முப்பது என்றால் நீங்கள் வாசிப்பைச் சோதிக்கவில்லை, அகராதியைச் சோதிக்கிறீர்கள். தேர்வுக்கு முன், அதே நிலையில் உள்ள, அந்தத் தேர்வை எழுதாத ஒரு மாணவரிடம் பனுவலைக் கொடுத்துத் தெரியாத சொல்லை அடிக்கோடிடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாக்கியங்களைப் பொருத்தும் நான்காம் பகுதி தனிக் கவனம் கேட்பது. மாணவர்கள் காலியிடத்துக்குப் பக்கத்தில் உள்ள அதே சொல் கொண்ட வாக்கியத்தைத் தூக்கி வைத்துவிடுவார்கள். மிஞ்சப்போகும் இரண்டு வாக்கியங்களும் அப்படி ஏமாற்றுவதற்கே எழுதப்பட்டவை. பார்க்க வேண்டியது அது, அவர்கள், இப்படி, ஆயினும் என்ற பொருளில் வரும் சின்னச் சொற்களை: 'அவர்கள்' என்றால் முந்தின வாக்கியத்தில் பலர் இருக்க வேண்டும், 'ஆயினும்' என்றால் முன்னே சொன்னதற்கு எதிராக ஏதோ வர வேண்டும். திருத்தும்போது இன்னொன்று. இங்கே ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் வைத்தால், அதற்கு உரிய இடமும் தவறாகும். இரண்டு புள்ளி போகும், ஆனால் பிழை ஒன்றுதான்.

இரண்டாம் பகுதியில் உள்ள காலியிடங்கள் பெரும்பாலும் எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைச் சோதிப்பவை. டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபவுட் வராது. தமிழில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்லிப் பழகிய மனத்துக்கு அபவுட் சரியாகவே படும். இத்தகைய பிழைகளைப் பட்டியலிட்டுத் திருத்துவது, பொத்தாம்பொதுவாக இலக்கணம் நடத்துவதைவிடப் பயன் தரும்.

ஒரே பனுவல், காதிலும் கண்ணிலும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கேட்டல் தேர்வு முடிந்ததும் விடைத்தாளை வாங்கிவிடுங்கள். ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை அச்சிட்டுக் கொடுத்து, அதே கேள்விகளை, புதிய தாளில், வேறு நிறப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புள்ளிகள் இருக்கும். காதால் 13, கண்ணால் 24 என்றால் மொழி இருக்கிறது, ஒலி பழகவில்லை. இந்தப் பிள்ளைக்குச் சொற்பட்டியல் தேவையில்லை. எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவை வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, எந்தச் சொல் நசுங்கியது என்று கோடிட வேண்டும். பிறகு எழுத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தைக் கேட்டு எழுத வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம், ஒரு நிமிடப் பதிவு ஒன்று போதுமானது. காதால் 13, கண்ணால் 15 என்றால் கதை வேறு. படித்தாலும் புரியவில்லை; மேலும் மேலும் கேட்கச் சொல்வது அந்தப் பிள்ளையைச் சோர்வடையச் செய்யும். எளிய நூல்களை நிறைய வாசிக்க வைத்துச் சொல்வளத்தைக் கூட்டுவதே வழி. எப்போதாவது மூன்றாவது வகையும் வரும்: காதால் 22, கண்ணால் 20. யூடியூபும் ஆங்கில விளையாட்டு வருணனையும் கேட்டு வளர்ந்த, எழுத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகள் இவர்கள். இவர்களை வாசிப்புத் தாளின் நேரம் விழுங்கிவிடும்.

கண்ணாலும் தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, அதே கேள்வியைத் தமிழிலோ மலாயிலோ கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால், பனுவல் புரிந்திருக்கிறது, கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லை. எஸ்பிஎம்மில் கேள்வி ஆங்கிலத்தில்தான் வரும் என்பது உண்மை. ஆனால் நோய் எங்கே என்று தேடும்போது தாய்மொழியைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. பள்ளியில் சிலர் இதைத் தடுப்பார்கள். அது தேவையில்லாத தடை என்பதே எங்கள் கருத்து.

காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியதாக இருந்து, தமிழில் பேசும்போதும் அந்தப் பிள்ளை அடிக்கடி 'என்ன?' என்று கேட்டால், ஆங்கிலத்தை விட்டுவிட்டு முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காது அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்டல் குறையும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், வகுப்பில் எல்லார் முன்னும் வேண்டாம்.

கேள்வித்தாளையும் திருத்துங்கள்

பிள்ளைகளைத் தேர்வு அளப்பது போல, விடைகளை வைத்துத் தேர்வையும் அளக்கலாம். 24 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேள்வியை 12 பேர் சரியாக எழுதினால் அதன் எளிமை அளவு 12ஐ 24ஆல் வகுத்து வரும் 0.5. இது 0.3க்கும் 0.8க்கும் நடுவில் இருந்தால் அந்தக் கேள்வி பயனுள்ளது. எல்லாரும் சரி, எல்லாரும் தவறு என்ற கேள்விகள் யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. முதல் கேள்வி மட்டும் எளிதாக இருப்பது நல்லது. பிள்ளைகளின் படபடப்பு அடங்கும்.

அடுத்து, மொத்தப் புள்ளியில் முதல் எட்டுப் பேரையும் கடைசி எட்டுப் பேரையும் எடுங்கள். மேல் குழுவில் ஏழு பேர், கீழ்க் குழுவில் இரண்டு பேர் சரியாக எழுதியிருந்தால், ஏழில் இரண்டு போக ஐந்து. எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 0.63. 0.3க்கு மேல் இருந்தாலே நல்ல கேள்வி. கீழ்க் குழு மேல் குழுவைவிட நன்றாகச் செய்த கேள்வி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் விடைப் பட்டியலைப் பாருங்கள், நீங்களே தவறான விடையைக் குறித்திருக்கலாம். அது சரி என்றால், இரண்டு விடைகள் பொருந்துகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அந்த நுணுக்கத்தைக் கண்டு மற்றதை எழுதியிருப்பார்கள். அவர்களிடம் காரணம் கேளுங்கள். 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒருவர் இப்படி அப்படி மாறினாலும் அளவு மாறும். ஆகவே சந்தேகத்துக்குரிய கேள்வியை உடனே தூக்கிப்போடாமல் அடுத்த குழுவிடமும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

நிரப்பும் பகுதியில் எழுத்துப்பிழைக்கு என்ன செய்வது என்பதைத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். பயிற்சித் தேர்வில் இரண்டு கட்டம் போடுவது நல்லது: சொல்லைச் சரியாகக் கேட்டாரா என்று ஒன்று, சரியாக எழுதினாரா என்று இன்னொன்று. எழுத்துப்பிழைக்காக முழுப் புள்ளியையும் வெட்டிவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியவில்லை என்று குறிப்பு எழுதினால் அது பொய்க் குறிப்பு.

அடுத்த தேர்வை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வையுங்கள். அதே பதிவு வேண்டாம். அதே அமைப்பு, அதே வேகம், ஏறக்குறைய அதே கடினம் உள்ள புதிய பதிவு. 30 கேள்வி கொண்ட தேர்வில் இரண்டு மூன்று புள்ளி ஏறுவதும் இறங்குவதும் எந்த மாற்றமும் இல்லாத பிள்ளைக்கும் நடக்கும். 13 எடுத்தவர் 15 எடுத்தால் பாராட்டுங்கள், ஆனால் முறை பலித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 11 எடுத்தால் திட்டவும் வேண்டாம். காதுப் புள்ளிக்கும் கண் புள்ளிக்கும் இருந்த பதினொன்று இடைவெளி ஐந்தாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அந்தப் பத்து நிமிடப் பயிற்சியைத் தொடரலாம். குறையவில்லை என்றால் பிள்ளை வீட்டில் பதிவைக் கேட்கிறதா, கேட்கக் கைப்பேசியும் டேட்டாவும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, தேவைப்பட்டால் பதிவை வகுப்பிலேயே ஓட்டுங்கள்.